விஸ்லரா, பேக்கரா, சைப்ரஸா? நாலு பேருக்கு ஒரே ஒரு நாள்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வாட்ஸப் குழுவில் இந்தச் சண்டை பிறந்துவிடும். நாங்கள் நாலு பேர், எல்லோரும் கனடாவின் வான்கூவர் சுற்றுவட்டாரம். ஷிஃப்ட், குழந்தை, ஆன்சைட் மீட்டிங் எல்லாம் போக, நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு அமைவது வருஷத்துக்கு ஒரு நாள்தான். ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது, எங்கள் பைத்தியம். அந்த நாளை எந்த மலையில் செலவழிப்பது? ஒருவன் விஸ்லர் என்பான். இன்னொருவன் அமெரிக்க எல்லை தாண்டி மவுண்ட் பேக்கர் போகலாம் என்பான். மூன்றாமவன், "அரை மணி நேரத்தில் சைப்ரஸ் இருக்கு, எதுக்குடா அலையணும்" என்பான். கார் என்னுடையது, அதனால் முடிவும் பழியும் என்மேல்தான் வரும். ஏழு பருவமாக மூன்று மலைகளிலும் விழுந்து எழுந்ததில் தேறிய கணக்கை இங்கே போட்டுவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேண்டியது சவாலான இறக்கம். சமமாகச் சீவிவிட்ட பாதையில் உல்லாசமாக வழுக்குகிற நாள் இது இல்லை. ஆனால் நாலு பேரும் ஒரே தரம் கிடையாது. டொரொன்டோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன் பன்னிரண்டு வயதிலிருந்து போர்டு கட்டுகிறவன். டபுள் பிளாக், அதாவது மிகக் கடினமான பாதை, அவனுக்குத் தெருமுனைக் கடைக்குப் போகிற மாதிரி. கோயம்புத்தூர்க்காரன் ஆறு வருஷத்தில் நன்றாகத் தேறிவிட்டான். நான் இடைநிலை, செங்குத்தில் மெதுவாக இறங்கிவிடுவேன், அழகை எதிர்பார்க்கக் கூடாது. நாலாவது ஆளுக்கு இது மூன்றாவது பருவம். நடுத்தரமான நீலப் பாதையில் சிட்டாகப் பறப்பான். கடினமான கறுப்புப் பாதை வந்ததும் ஹீல் எட்ஜில், அதாவது போர்டின் குதிகால் பக்க விளிம்பில், நின்றபடியே மலையைத் தேங்காய் துருவுவது போலச் சுரண்டிக்கொண்டு இறங்குவான். மலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது பெரும்பாலும் இவனைத்தான்.

இன்னொரு விஷயம். வரைபடத்தில் இருக்கிற பச்சை, நீலம், கறுப்பு, டபுள் பிளாக் எல்லாம் அந்தந்த மலைக்குள்ளே ஒப்பிட்டுப் போட்ட நிறங்கள். சைப்ரஸில் கறுப்பு இறங்கியவன் விஸ்லரின் கறுப்பிலும் இறங்கிவிடுவான் என்று நம்பினால், பாதி வழியில் அவனை உட்கார வைத்துப் பேசிப் பேசி இறக்க வேண்டியிருக்கும். நாங்கள் இறக்கியிருக்கிறோம்.

முதலில் ஃப்ரீசிங் லெவல்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் நான் பார்க்கிற எண் இது: காற்று உறைநிலைக்கு இறங்குகிற உயரம். ஏறக்குறைய அதற்கு மேல்தான் மழை பனியாக மாறும். பசிபிக் கடலோர மலைகளில் எல்லாமே இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடும். ஹவாய்ப் பக்கமிருந்து ஈரமும் சூடுமாக ஒரு காற்று கிளம்பி வரும், ஊரில் அதைப் பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்பார்கள். அது வந்தால் ஃப்ரீசிங் லெவல் ஒரே இரவில் 2,000 மீட்டரைத் தாண்டும். அன்றைக்கு எந்த மலைக்குப் போனாலும் நனைந்த கோழிதான்.

மூன்று மலைகளின் உயரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சைப்ரஸின் உச்சி 1,440 மீட்டர். பேக்கரில் லிஃப்ட் (கம்பிவடத்தில் தொங்கி மேலே போகும் இருக்கை) ஏறுகிற உச்சி ஏறக்குறைய 1,550, அடிவாரம் 1,070 சொச்சம். விஸ்லர் கிராமம் வெறும் 675 மீட்டரில் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் விஸ்லர் உச்சியில் 2,182 வரைக்கும், பக்கத்து பிளாக்கோம் மலையில் 2,284 வரைக்கும் கொண்டுபோகும். ஃப்ரீசிங் லெவல் 1,500 என்று வந்தால் சைப்ரஸும் பேக்கரும் ஈரக் குழம்பு. விஸ்லரிலும் கிராமத்தில் குடை பிடிக்க வேண்டியிருக்கும், ஆனால் மேல் பாதியில் பனி கொட்டும். அதே எண் 800 என்று இறங்கினால் கதை தலைகீழ்: பேக்கரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சைப்ரஸுக்கு இந்தப் பாடம் உலகத்தின் கண்முன்னாலேயே நடந்தது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு போட்டிகள் எல்லாம் அங்கேதான். அந்த ஜனவரியில் மழையும் வெயிலும் அடித்து மலை காய்ந்துபோய், 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மேனிங் பூங்காவிலிருந்து லாரியில் பனி அள்ளி வந்தார்கள். ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்கள், அடியில் வைக்கோல் கட்டு அடுக்கினார்கள். நின்று பார்க்கிறவர்களுக்கு விற்ற 28,000 டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டிவந்தது. ஷான் வைட் ஹாஃப்பைப்பில் தங்கம் வென்றதும், மலையடிவாரத்து வெஸ்ட் வான்கூவரில் வளர்ந்த மாயெல் ரிக்கர் ஸ்னோபோர்டு கிராஸில் தங்கம் வென்றதும் அந்தக் கடன்வாங்கிய பனியில்தான்.

சைப்ரஸ்: சீக்கிரம் முடித்துவிடுகிறேன்

பக்கத்தில் இருக்கிறது, இரவு விளக்குப் போட்டு ஓட்டுகிறார்கள், வேலை முடிந்து போய்விட்டு வரலாம். மொத்தம் 600 ஏக்கர். மேகம் இல்லாத மாலையில் கீழே கடலும் நகரத்து விளக்குகளும் தெரியும். அதற்காகவே ஒருமுறை போகலாம். செங்குத்தான சில இறக்கங்கள் ஸ்டிராச்சன் மலைப் பக்கம் உண்டு, ஆனால் மதியத்துக்குள் அவை முடிந்துவிடும். அப்புறம் அதையே திரும்பத் திரும்ப இறங்க வேண்டியதுதான். வருஷத்தின் ஒரே நாளுக்கு இது போதாது. நாலாவது ஆளை டிசம்பரிலும் ஜனவரியிலும் நாலைந்து மாலை இங்கே கூட்டிப்போய் டோ எட்ஜில், அதாவது கால்விரல் பக்க விளிம்பில், திரும்பப் பழக்கியிருந்தால், பிப்ரவரியில் நாலு பேருக்கும் நன்மை. அந்த வகையில் சைப்ரஸை நான் டியூஷன் சென்டர் என்றுதான் வைத்திருக்கிறேன்.

விஸ்லர் என்றால் எந்த மலை?

"விஸ்லர் போகலாம்" என்பது முழு பதில் ஆகாது. அங்கே இருப்பது இரண்டு மலை: விஸ்லர், பிளாக்கோம். இரண்டும் சேர்ந்து 8,171 ஏக்கர். 2008 டிசம்பரில் திறந்த பீக் டு பீக் கொண்டோலா என்கிற தொங்கு கூண்டு வண்டி இரண்டையும் இணைக்கிறது: 4.4 கிலோமீட்டர், 11 நிமிஷம். நடுவில் 3 கிலோமீட்டருக்கு மேல் தாங்குதூண் ஒன்றுகூடக் கிடையாது, கீழே 436 மீட்டர் பள்ளம். உயரம் ஆகாதவர்கள் நடு இருக்கையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பது உத்தமம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படுவோம். எங்கள் அனுபவத்தில் அப்படி மாறுகிற நாளில் மூன்று நல்ல இறக்கமாவது குறையும். ஒரு நாள் என்றால் ஒரு மலை.

எந்த மலை? பலசாலிகள் மட்டும் போனால் பிளாக்கோம். கிளேசியர் எக்ஸ்பிரஸ் லிஃப்டின் உச்சியில் இறங்கினால் இடது கைப்பக்கம் ஒரு மேடு தெரியும். ஸ்பேங்கிஸ் லேடர் என்று பெயர், பெயர்தான் ஏணி. போர்டைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, முன்னால் போனவர்களின் பூட்ஸ் குழிகளில் கால்விரலைக் குத்திக் குத்தி ஏற வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகாது, ஆனால் காற்று போர்டைப் பாய்மரம் மாதிரி பிடித்துத் திருப்பும். நெஞ்சு அடித்துக்கொள்வது தொண்டையில் கேட்கும். மேலே ஒரு சின்ன வாசல். அதற்கப்பால் ரூபி, டயமண்ட், சஃபையர், கார்னெட் என்று ரத்தினக் கற்களின் பெயரில் வரிசையாகக் கிண்ணம் மாதிரிப் பனிப் பள்ளங்கள். விளிம்பில் உட்கார்ந்து, காலைப் போர்டோடு பிணைக்கிற பைண்டிங் மாட்டும்போது போர்டின் முனைக்குக் கீழே ஒன்றுமே தெரியாது, முதல் திருப்பம் போட்ட பிறகுதான் சரிவு கண்ணுக்குத் தெரியும். அந்த முதல் திருப்பத்துக்காகத்தான் நான் வருஷம் முழுக்க உடம்பைத் தேற்றுகிறேன் என்றால் என் மனைவி சிரிக்கிறாள்.

அதே மலையில் கூலுவார் எக்ஸ்ட்ரீம் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக இறங்குகிற ஓர் இடுக்கு, தலைப்பகுதியில் சுமார் 40 பாகைச் சரிவு. முன்பு சுவிட்சர்லாந்தின் செங்குத்துச் சறுக்கு முன்னோடி சில்வேன் சோடான் பெயரில் அது சோடான் கூலுவார் என்றிருந்தது. டொரொன்டோக்காரன் அதில் நாலு திருப்பத்தில் இறங்கிவிடுவான். நான் எத்தனை திருப்பம் போட்டேன் என்பதை எண்ணவில்லை, எண்ணியவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

ஆனால் நாலாவது ஆள் இருக்கிறானே. ஸ்பேங்கிஸ் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் சுலபமான வழி கிடையாது. கீழே இறங்கியும் முடிந்துவிடாது: லிஃப்டுக்குத் திரும்ப பனியாற்றின் ஓரமாக ஒரு நீளமான ரோடு மாதிரிப் பாதை, பல இடங்களில் சரிவே இருக்காது. ஸ்கீ ஆட்கள் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நமக்குக் கம்பு ஏது? வேகத்தை விட்டுவிட்டால் பின்காலைக் கழற்றி, ஒற்றைக் காலால் உந்திக்கொண்டு போக வேண்டும். ஏற்கெனவே தொடை நடுங்கிக்கொண்டிருப்பவனுக்கு அது தண்டனை. அவனைக் கீழே விட்டுவிட்டு மூன்று பேர் மட்டும் போனால் ஒன்றரை மணி நேரம் அவன் தனியாகச் சுற்றுவான். நண்பர்களோடு வந்த நாளில் அது நியாயமில்லை.

இங்கேதான் விஸ்லர் மலை ஜெயிக்கிறது. பீக் எக்ஸ்பிரஸ் லிஃப்டில் நாலு பேரும் ஒன்றாக உச்சிக்குப் போகலாம். தைரியமுள்ளவர்கள் சர்க் என்கிற செங்குத்துச் சரிவுப் பக்கம் விளிம்பைத் தாண்டிக் குதிக்கட்டும், மற்றவர்கள் சுற்றிப்போய் சாடில் என்கிற சீவிய அகலப் பாதையில் இறங்கட்டும். இரண்டு கூட்டமும் ஒரே பள்ளத்தில் வந்து சேர்ந்து, அதே லிஃப்டின் அடியில் நிற்கும். பத்து நிமிஷத்தில் மறுபடி நாலு பேரும் ஒரே இருக்கையில். லிஃப்டில் போகும்போது பாறைக்கு மேலிருந்து குதிக்கிறவர்களைப் பார்த்து விசிலடிக்கலாம். நாலாவது ஆள் இப்படி மூன்று தடவை சாடிலில் இறங்கி, நாலாவது தடவை தானாகவே "நானும் அந்தப் பக்கம் வரட்டுமா" என்று கேட்டான். பிளாக்கோமில் அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஒரே எச்சரிக்கை, பர்ன்ட் ஸ்டியூ என்கிற பாதை. சிம்ஃபனி கிண்ணத்துக்கு அழைத்துப்போகும்; பெயரைக் கேட்டால் வாசனையாக இருக்கும். போர்டுக்காரனுக்கு அது தட்டை நரகம். நாலு பேரும் சேர்ந்து போன முதல் வருஷம் நாங்கள் வரிசையாக அதில் நின்றுபோய் ஒற்றைக்காலில் உந்திக்கொண்டிருந்தபோது, ஆறு வயதுக் குழந்தை ஒன்று குட்டி ஸ்கீயில் "எக்ஸ்க்யூஸ் மீ" சொல்லித் தாண்டிப் போனது.

விஸ்லர், பிளாக்கோம் இரண்டுக்கும் பொதுவான குறை: மர எல்லைக்கு மேலே மேகம் இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. மேடா பள்ளமா தெரியாது, நிற்கிறோமா நகர்கிறோமா என்றுகூடத் தெரியாது. நின்றுகொண்டிருப்பதாக நினைத்து நான் இருமுறை விழுந்திருக்கிறேன். அப்புறம், இரவு முழுக்கப் பனி கொட்டினால் மலைப் பாதுகாப்பைப் பார்க்கிற பாட்ரோல்காரர்கள் காலையில் வெடிவைத்துப் பனிச்சரிவு அபாயத்தைத் தீர்த்த பிறகுதான் உச்சி லிஃப்டுகளைத் திறப்பார்கள். சில நாள் மதியம் ஆகும். சில நாள் காற்றில் திறக்கவே மாட்டார்கள். முழு விலை கொடுத்து மழைக்கோட்டோடு கீழ்ப்பாதியில் சுற்ற நேரும்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. நெரிசலான நாளில் கவுன்டரில் நேரே வாங்கினால் ஓர் ஆளுக்கு 300 கனடிய டாலர் தாண்டும். கனடாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் இருப்பவர்களுக்கு எட்ஜ் கார்டு என்று ஒன்று உண்டு. இலையுதிர் காலத்திலேயே நாட்களை வாங்கி வைத்தால் வெகுவாகக் குறையும். அக்டோபரில் வாங்காதவன் பிப்ரவரியில் புலம்பக் கூடாது.

பேக்கர்: நான் இன்னும் ஏங்குகிற மலை

மவுண்ட் பேக்கர் ஸ்கீ ஏரியா உண்மையில் பேக்கர் எரிமலையின்மேல் இல்லை. ஷுக்சன் மலைக்கு எதிரே ஒரு முகட்டில் இருக்கிறது. சுமார் 1,000 ஏக்கர், விஸ்லரில் எட்டில் ஒரு பங்கு. உயர வித்தியாசமும் சுமார் 480 மீட்டர்தான், பிளாக்கோமில் 1,600க்கு மேல். காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் பனி! 1998–99 பருவத்தில் அங்கே விழுந்தது 1,140 அங்குலம், கிட்டத்தட்ட 29 மீட்டர். ஒரே பருவத்தில் விழுந்த பனிக்கான உலக சாதனை அது. ஒன்பது மாடிக் கட்டடத்தை மூடும். சாதாரண வருஷத்திலும் 16 மீட்டருக்குக் குறையாது, விஸ்லரில் 11 சொச்சம். ஸ்கீ மலைகள் பல போர்டுக்காரனை உள்ளேயே விடாத காலத்தில் கதவைத் திறந்துவிட்ட மலையும் இதுதான். 1985இல் தொடங்கிய லெஜண்டரி பேங்க்ட் ஸ்லாலம் போட்டி இன்றைக்கும் அங்கே நடக்கிறது. இயற்கையான ஓர் ஓடைப்பள்ளத்தில் இரு கரையிலும் ஏறி இறங்கி ஓட்ட வேண்டும். ஜெயித்தவனுக்குப் பரிசு தங்க நிற டக்ட் டேப் சுருள். இந்த ஒன்றுக்காகவே அந்த மலையின்மேல் எனக்கு மரியாதை.

பான் டோம் பக்கம் 1ஆம், 6ஆம் எண் லிஃப்டுகளின் கீழே பாறையும் மரமும் இடுக்குமாக, எங்கே திரும்பினாலும் ஒரு புதிர். சின்ன மலை என்பதால் தொலைந்துபோனாலும் பத்து நிமிஷத்தில் லிஃப்டடியில் கண்டுபிடித்துக்கொள்ளலாம். மரங்கள் உயரம் வரைக்கும் இருப்பதால் மேகம் இறங்கினாலும் கண்ணுக்குப் பிடிமானம் உண்டு. டிக்கெட், அமெரிக்க டாலரை மாற்றிப் பார்த்தாலும், விஸ்லர் கவுன்டர் விலையில் ஏறக்குறைய பாதிதான்.

பயமும் அந்தப் பனியில்தான் இருக்கிறது. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் குடை மாதிரி பனியைத் தடுத்துவிடுவதால், அடிமரத்தைச் சுற்றி ஒரு குழி மறைந்திருக்கும். ட்ரீ வெல் என்பார்கள். தலைகுப்புற விழுந்தால் மூச்சு முட்டிப்போகும். ஆட்களைப் பாதுகாப்பாக உள்ளே இறக்கிச் சோதித்துப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பேரால் தானாக வெளியே வர முடியவில்லை. ஸ்கீ கழன்றுகொள்ளும், நம் பைண்டிங் கழலாது. எங்கள் நாலாவது ஆள் ஒருமுறை ஒரு சின்ன மரத்தை உரசிக்கொண்டு இடுப்புவரை போய்விட்டான், நல்லவேளை கால் கீழே, தலை மேலே. நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். அவன் கையை ஊன்றி எழப் பார்க்கிறான், கை தோள்வரை சர்க்கரையில் விட்டது போல இறங்குகிறது. கடைசியில் பனியைத் தோண்டி அவன் பைண்டிங்கைக் கழற்றி, போர்டைக் குறுக்கே பலகையாகப் போட்டு, அதில் கையை அழுத்தி ஏறினான். கால்மணி நேரம். பனி மூக்குக்குள் உருகி வழிய அவன் கேட்ட முதல் கேள்வி, "என் கூலிங் கிளாஸ் எங்கடா?" அதிலிருந்து பேக்கர் மரங்களுக்குள் இரண்டிரண்டு பேர், ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிகிற தூரம், கழுத்தில் விசில். எல்லைக் கயிற்றைத் தாண்டி ஷுக்சன் ஆர்ம் பக்கம் போக வேண்டுமென்றால் பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கிற கருவி), மண்வாரி, கூட ஒரு ஆள், பனிச்சரிவு பற்றிய அறிவு எல்லாம் வேண்டும் என்பது அந்த மலையின் விதி. எங்களிடம் அந்தக் கடைசி அறிவு இல்லை, அதனால் நாங்கள் தாண்டுவதில்லை.

அப்புறம் எல்லை. டொரொன்டோப் பையனிடம் கனடிய பாஸ்போர்ட், ஹலோ சொன்னால் போதும். கோயம்புத்தூர்க்காரனும் நானும் பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கியும் பாஸ்போர்ட் இந்தியாதான், அமெரிக்க விசா இல்லாமல் சூமஸ் எல்லையில் பாட்சா பலிக்காது. விசா இருந்தாலும் ஐ-94 என்கிற நுழைவுப் பதிவுக்கு உள்ளே போய் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வருஷம் பவுடர், அதாவது மிருதுவான புதுப்பனி, கொட்டிய காலையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மலைக்குப் போனபோது எல்லா இடத்திலும் மற்றவர்கள் சறுக்கிய கோடு விழுந்திருந்தது. அதோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் காலை ஒடித்துக்கொண்டால் நம் மாகாண மருத்துவக் காப்பீடு கொடுப்பது சொற்பம். ஒரு நாளுக்கான பயணக் காப்பீடு எடுக்காமல் நான் வண்டியை எடுக்க மாட்டேன். 542ஆம் சாலை மலையோடு முடிந்துவிடுகிறது, மேலே தங்க இடமில்லை, கைபேசியையும் நம்ப முடியாது. பெட்ரோலும் சாப்பாடும் கீழேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சர்ரேயிலிருந்து இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், எல்லை வரிசை தனிக்கணக்கு. விஸ்லர் போகிற 99ஆம் சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். பேக்கருக்கும் அதே டயரில்தான் போகிறேன்.

அப்போ எங்கே?

என் கணக்கு இப்படி. ஃப்ரீசிங் லெவல் 1,000 மீட்டருக்குக் கீழே, பனி கொட்டுகிறது, விசா வேண்டியவர்கள் எல்லோரிடமும் விசா இருக்கிறது, அன்று வாரநாள்: பேக்கர், யோசிக்கவே வேண்டாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விஸ்லர். நாலாவது ஆள் வந்தால் விஸ்லர் மலை. அவன் வரவில்லை, வானமும் தெளிந்திருக்கிறது என்றால் பிளாக்கோம். எண் 2,000க்கு மேலே என்றால் வீட்டில் பிரியாணி.

டொரொன்டோக்காரன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். எந்த வானிலையிலும் ஸ்பேங்கிஸ்தான் அவனுக்கு; பலவீனமானவனை வைத்துத் திட்டம் போட்டால் மற்ற மூன்று பேருக்கும் நாள் வீண் என்பது அவன் கட்சி. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால் போன வருஷம் ஓர் ஒப்பந்தம் போட்டோம்: காலை முழுக்க பீக் லிஃப்டில் நாலு பேரும் சேர்ந்து, மதியம் ஒரு மணிக்குமேல் அவன் இஷ்டம்.

இந்த முறை வியாழன் இரவு பார்த்தபோது எண் 1,400 என்று காட்டியது. கோயம்புத்தூர்க்காரனின் விசா ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. குழுவில் "விஸ்லர், காலை அஞ்சரைக்கு என் வீட்டு வாசல்" என்று போட்டேன். நாலாவது ஆள் கட்டைவிரலோடு, "எலுமிச்சை சாதம் நான் கொண்டுவரேன், சாடில் எத்தனை தடவை?" என்று கேட்டிருந்தான்.